மூன்றாவது ஸ்பைடர்மேன்

தொடர்ந்து வரும் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் முறையன்று, ஒவ்வொன்றையும் தனித்தே சுவைத்தல் வேண்டும் என நண்பர் சிலர் கூறுவர். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாவது ஸ்பைடர்மேன் படத்தைப் பொறுத்த மட்டில் நாம் இதற்கு உடன்படோம். அப்படம் தானே முதற்படத்தின் கதையுட் புகுந்து அதனை மாற்றுகின்றது; ஆகலின் ஒப்பிடுமாறு நம்மை அழைப்பது அப்படமேயாம்.

2002-இல் வந்த முதற்படத்தில், பீட்டர் பார்க்கர் என்னும் இளைஞன் தனக்குரிய பந்தயப் பணத்தைக் கொடாது வஞ்சித்தவன்பாற் சினங்கொண்டு, அவன் பொருளைக் கவர்ந்தோடிய கள்வனைத் தடுக்காமல் வழிவிடுகின்றான். சற்று நேரத்துள் அவனை வளர்த்த பெரியவர் பென் சுடப்பட்டு இறக்கின்றார். சுட்டவன் அக்கள்வனே. அந்தப் பழியுணர்ச்சியே பீட்டரை வீரனாக்கிற்று. மூன்றாம் படமோ, சுட்டவன் மார்க்கோ என்னும் வேறொருவன் என்றும், கூட்டாளியாகிய அக்கள்வன் ஓடிவந்து பற்றியதனாற் கைதவறிச் சுட்டனன் என்றும் உரைக்கின்றது. பீட்டரின் பழி முற்றும் நீங்கவில்லை. ஆயினும் மிக மெலிந்துவிடுகின்றது. அவன் மார்க்கோவை மன்னிக்கும் காட்சி உயர்ந்ததே. அதற்காக முதற்படத்தின் அடிக்கல்லைப் பெயர்த்திருக்க வேண்டுவதில்லை.

2004-இன் இரண்டாம் படத்திற் பகைவர் ஒருவரே: ஆல்பிரட் மொலினா நடித்த ஆக்டேவியஸ். அவர் அறிஞர், மனைவியை இழந்தவர். ஆதலின் அவரை வெறுக்கவும் நமக்கு மனம் வருவதில்லை. கட்டுக்கடங்காது ஓடும் இரயிலைத் தன்னுடலால் நிறுத்தி மயங்கி விழுந்த இளைஞனைப் பயணிகள் தம் தலைக்குமேல் ஏந்திச் செல்வதும், முகமூடியின்றி அவனைக் கண்டவர்கள் இவன் நம் வீட்டுப் பிள்ளையளவே உள்ளானே என வியப்பதும் எளிதில் மறக்கற்பாலனவல்ல. அக்காட்சிக்கு இடமளித்தது கதையின் எளிமையன்றோ?

மூன்றாவதிலோ மணல்மனிதன், வெனம், நண்பன் ஹாரி என மூவர் பகைவர். மூன்று படங்களையும் இயக்கியவர் சாம் ரெய்மி ஒருவரேயாதலின் திறமைக் குறையெனல் பொருந்தாது. சிதறிய மணல் சிறிது சிறிதாய்த் திரண்டு, மகளின் படம் வைத்த பதக்கத்தைப் பற்ற முயன்று முயன்று தோற்பதைச் சொல்லொன்றுமின்றிக் காட்டிய கை அவருடையதே. அம்மணல்மனிதனின் துயரை முற்றும் கேட்குமுன்னரே கதை வெனத்தைத் தேடி ஓடிவிடுகின்றது. பீட்டர் தெருவிற் செருக்கோடு ஆடிச் செல்லும் பகுதியைப் பலர் எள்ளுவர். நமக்கு அஃது அத்துணை வெறுப்பாகத் தோன்றவில்லை.

உலகெங்கும் ஏறக்குறைய 89 கோடி டாலர் ஈட்டி, வசூலில் மூன்றனுள் இதுவே முதல்நின்றது. இதனைச் சான்றாகக் காட்டுவோருக்கு நாம் கூறுவது, இரண்டாம் படம் தேடிவைத்த நம்பிக்கையே அவ்வரங்குகளை நிரப்பிற்று என்பதாம்.