உரையின் தொடக்கம் எது?

மண்வள அட்டைத் திட்டம் 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. கார அமில நிலை, கரிமச் சத்து, தழைச்சத்து, துத்தநாகம் முதலிய 12 அளவீடுகள் அவ்வட்டையில் இடம்பெறுகின்றன. அவற்றை வரிசையாகப் படித்து விளக்குவதே தம் கடமை என எண்ணும் களப்பணியாளர் உளர். அது பொருந்தாது. குடியானவர் மனத்தில் இருப்பது ஒரே வினா: “என் நிலத்திற்கு எவ்வுரம் எவ்வளவு இடவேண்டும்?” உரை அவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

முதலில் விடையைக் கூறுக. அடுத்து, அதற்குக் காரணமான ஓரிரு அளவீடுகளை மட்டும் சுட்டுக. துத்தநாகம் குன்றிய வயலில் யூரியாவை மேன்மேலும் இட்டால் பணம் வீணாகும்; அக்குறையும் நீங்காது. இஃது ஒன்று விளங்கினும் போதும். பின்னர் ஒருவரை அழைத்து, சருகு நீக்கி, 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து சீராக மண் மாதிரி எடுக்கச் செய்க. கை செய்ததை மனம் எளிதில் மறவாது.

ஏனையவற்றை விடுவது குறையன்றோ எனின், அன்று. அட்டை அவர் கையிலேயே இருக்கிறது, வினவும்போது விளக்கலாம். வகுப்பறைக்கும் இதுவே முறை. கேட்டவர் தம் சொற்களில் திருப்பிக் கூறும்பொழுதே உரை நிறைவுறுகிறது; கைதட்டல் அதற்குச் சான்றாகாது.