நன்றி நமக்கு உண்டா?

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று நாம் கட்டுரை எழுதாத வகுப்பு இல்லை. நாயிடம் நமக்கு நன்றி உண்டா?

வெள்ளைச் சடைநாயைக் கண்டால் எல்லோரும் 'பொமரேனியன்' என்பர். அவற்றுள் பல 'இந்தியன் ஸ்பிட்ஸ்' இனம். நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால், சிறு ஓசைக்கும் குரைக்கும் சுறுசுறுப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். 1994-இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்திலும் அது நடித்தது. பின்னர் பக், ஹஸ்கி என்று மோகம் மாறியது. இன்று ஸ்பிட்ஸ் அரிதாகி வருகிறது. சட்டையை மாற்றுவது போல உயிரை மாற்றலாமா?

கோவையின் சித்திரை வெயிலுக்கு இரங்கிச் சிலர் அதை மொட்டையடிக்கின்றனர். அது தவறு. நாய் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. ரோமம் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. வாரம் சிலமுறை சீவி, உதிர்ந்த ரோமத்தை நீக்குவோம். நிழலும் தண்ணீரும் தருவோம். தார்ச்சாலை சுடுமுன் காலையிலேயே நடத்திச் செல்வோம். சின்ன வெங்காயக் குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுவோம்.

தோழியரே, இந்நாய் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. எட்டாம் வகுப்பில் நாம் அடம்பிடித்து வாங்கும் குட்டி, நாம் வேலைக்குச் சென்ற பின்னும் வாசலில் காத்திருக்கும். அதுவரை காப்போமா என்று முதலில் பெற்றோருடன் அமர்ந்து பேசுவோம். இயலாதெனில், வாங்காதிருப்பதே அன்பு.