கருத்தடை மாத்திரையோடு சத்து மாத்திரையா?

போன வாரம் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நேயரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்திருந்தது. "அக்கா, பேரு சொல்லாதீங்க. கல்யாணமாகி எட்டு மாசம். கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன், மாமியாருக்குத் தெரியாது. எனக்கு முடி கொட்டுதுன்னு அவங்க ஒரு டப்பா சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்காங்க. ரெண்டையும் சாப்பிடலாமா?"

டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பயோட்டின், துத்தநாகம், கொஞ்சம் வைட்டமின் பி. சாப்பிடலாம். பயோட்டின் அதிகமானால் தைராய்டு போன்ற சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டிவிடக்கூடும். இரத்தம் கொடுக்கப் போகும்போது அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சாதாரண அளவு மல்டிவைட்டமின், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், கால்சியம் எதுவும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுப்பதில்லை. சில கருத்தடை மாத்திரை அட்டைகளில் ஹார்மோன் இல்லாத மாத்திரைகளில் இரும்புச்சத்தையே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

எல்லா டப்பாவும் இப்படிச் சாதுவல்ல. நான் முதலில் தேடிப் பார்க்கச் சொல்லும் பெயர், செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மஞ்சள் பூப் பூக்கும் ஒரு மூலிகை. மனச்சோர்வுக்கு, மன அமைதிக்கு என்று விற்கிறார்கள். நம் கல்லீரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதிகள் உண்டு. இந்த மூலிகை அவற்றை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களை உடைப்பதும் அதே நொதிகள்தான். அதனால் ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை போட்டாலும் இரத்தத்தில் ஹார்மோன் குறைகிறது. மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாள்களில் இரத்தம் கசிவது ஓர் அறிகுறி. அந்த எச்சரிக்கை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கையில் பொருத்தும் இம்பிளாண்டும், அவசரத்துக்குச் சாப்பிடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையும்கூட இதனால் வலுவிழக்கலாம். மூலிகையை நிறுத்தினாலும் நொதிகள் அடங்கச் சுமார் நான்கு வாரம் ஆகும். அதுவரை ஆணுறை போன்ற வேறு ஏற்பாடு தேவை. "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்பார்கள். ஒன்றும் செய்யாததை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது?

அடுத்து, வயிற்று உப்புசத்துக்குச் சாப்பிடும் கரி மாத்திரை. அது வயிற்றில் இருப்பதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், பக்கத்தில் உள்ள கருத்தடை மாத்திரையையும் சேர்த்து. எத்தனை மணி நேரம் இடைவெளி விடுவது என்று மருந்தாளரிடம் கேளுங்கள். உடல் இளைக்கும் தேநீர் இன்னும் மோசம். பலவற்றில் நிலாவரை போன்ற பேதி மூலிகை இருக்கும். கடுமையான வயிற்றுப்போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ, அன்றைய மாத்திரை உடம்பில் சேரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு, 2010-இல் சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற மருந்து கலந்த இளைக்கும் பொருள்கள் இன்றும் பிடிபட்டுக்கொண்டே இருக்கின்றன.

ட்ரோஸ்பிரினோன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் பொட்டாசியம் மாத்திரையில் கவனமாக இருக்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, சமையலறை அலமாரியையும் பாருங்கள். ஜிம்முக்குப் போகும் தங்கைகளுக்கு ஒரு சேதி: ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை காபின் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் காபின் பவுடரோடு மூன்று கோப்பை தே தாரேக்கும் சேர்ந்தால் இரவு தூக்கம் வராது.

என்னை உறுத்தியது அந்த "மாமியாருக்குத் தெரியாது". மறைத்துச் சாப்பிடும்போது மருந்தகத்தில் வாய் திறக்கவும் கூச்சம் வருகிறது. பின்னால் வரிசையில் தெரிந்த அத்தை யாராவது நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். சொல்ல வேண்டாம், காட்டுங்கள். கருத்தடை மாத்திரை அட்டை, சத்து மாத்திரை டப்பாவின் பின்பக்கம் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்து மருந்தாளரிடம் நீட்டினால் போதும். தனியாகப் பேச வேண்டும் என்றால் ஓரமாக வரச் சொல்லுங்கள்.

மலேசியாவில் பதிவுபெற்ற பொருளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். சத்து மாத்திரையென்றால் 'என்', பாரம்பரிய மருந்தென்றால் 'டி' என்று முடியும். சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளுக்கு முன்அனுமதி தேவையில்லை, அதனால் கடை அலமாரியில் இருப்பதே சான்றிதழ் ஆகாது. நேரடி விற்பனையில் வரும் டப்பாவில் எண்ணும் இல்லை, உட்பொருள் பட்டியலும் இல்லை என்றால், கொடுத்தது எந்த அத்தையாக இருந்தாலும் திறக்காதீர்கள்.