பள்ளிக்கூடப் பணம்: கணக்கு ஜனங்களின் கையில் வேண்டும்

மெப்ஸ் வளாகத்தில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளியும், பம்மல், நாகல்கேணி தோல் ஷெட்டுகளில் உழைப்பவரும், படப்பைப் பக்கம் நாற்று நடும் விவசாயக் கூலிப் பெண்ணும் சர்க்காருக்கு வரி கொடுப்பவர்களே. சோப்பு வாங்கினாலும் வரி உண்டு. வீட்டு வரியோடு கல்வி வரியும் சேர்ந்தே வசூலாகிறது. வாடகைக் குடித்தனக்காரர் அதை வாடகையில் கொடுக்கிறார். ஆகவே பள்ளிக்கூடப் பணம் யாரும் போடும் பிச்சை அல்ல. அது நம் பணம்.

அந்தப் பணத்துக்கு நேர்ந்த கதி என்ன? 2024-25ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டின் சமக்ர சிக்ஷா திட்டத்துக்கு சுமார் 3,586 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. அதில் மத்திய சர்க்காரின் பங்கு 60 சதவிகிதம். அதாவது சுமார் 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் ராஜ்ய சர்க்கார் கையெழுத்திடவில்லை என்று சொல்லி டில்லி அதை நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. கல்விக் கொள்கையில் தகராறு இருந்தால் பேசித் தீர்க்கட்டும். அதற்காகப் பிள்ளையின் சிலேட்டைப் பறித்து வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

டில்லியைக் கண்டிப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. வருகிற பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளியின் பராமரிப்புக்கென்று தரும் வருடாந்திர மானியத்தைப் பாருங்கள். 101 முதல் 250 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய்; 251 முதல் 1,000 வரை 75,000 ரூபாய். 250 பேர் படிக்கும் பள்ளியில் தலைக்கு 200 ரூபாய். 1,000 பேர் படிக்கும் பள்ளியில் தலைக்கு 75 ரூபாய்! கூட்டம் நெரியும் புறநகர்ப் பள்ளிக்கே கடும் பற்றாக்குறை. தலையை எண்ணி மேலிருந்து வீசினால் இப்படித்தான் ஆகும். தேவையை எண்ணிக் கீழிருந்து திட்டமிட வேண்டும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. மானியம் செலவாவதைக் கண்காணிப்பது அதன் கடமை. அக்குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே சர்க்காரின் மானியத்துக்கு ஆதாரம் என்று 22ஆவது பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. தலைமைப் பதவி பெற்றோருக்கே.

ஆனால் வேலை நாளில் பிற்பகலில் கூட்டம் போட்டால் கூலிக்காரர் எப்படி வருவார்? அரை நாள் கூலி போகும். அவர் வராத இடத்தில் காகிதம் கையெழுத்தாகும். கழிப்பறை அப்படியே கிடக்கும். வர முடியாதவர் பெயரால் நடக்கும் ஜனநாயகம் வெறும் பதிவேடுதான்.

நமது கோரிக்கைகள் இவை:

நிறுத்திய பணத்தை நிபந்தனையின்றி டில்லி தர வேண்டும். ஒவ்வொரு பள்ளியின் வரவு செலவும் வாசல் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, தனது 70 வார்டுகளிலும் வசூலாகும் கல்வி வரி எவ்வளவு, எந்தப் பள்ளிக்குச் செலவாயிற்று என்று பகுதி சபைகளில் சொல்ல வேண்டும். கிராமங்களில் கிராம சபையில் சொல்ல வேண்டும். மேலாண்மைக் குழு ஞாயிறன்றோ, ஷிப்டு முடிந்த மாலையிலோ கூட வேண்டும். குழு கேட்டதைத் தர மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நன்கொடை தருபவர் தரட்டும், நன்றி. நன்கொடையைக் காட்டி சர்க்கார் தன் கடமையிலிருந்து நழுவக் கூடாது.

தொழிலாளர்களே, விவசாயக் கூலிகளே! போனஸ் கணக்கை வரி வரியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். கூலி நெல்லில் ஒரு மரக்கால் குறைந்தாலும் கேட்கத் தெரிந்தவர்கள் நாம். அதே கண்ணோடு பள்ளிக்கூடக் கணக்கையும் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்; தெருவோடு போங்கள்!