சீனி வரி குறைந்தபோது நம் வீட்டுச் சீனி விலை குறைந்ததா?



"வெளிநாட்டுச் சீனி மலிவுதானே, பெல்வத்தவையும் செவனகலவையும் எதற்குக் கட்டி இழுக்க வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு பிளேன்டீயோடு மலைக்கு ஏறும் தொழிலாளிக்குக் கிலோவுக்குப் பத்து ரூபா கூடினாலும் பாரம்தான். ஆனால் அந்த மலிவு எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவின் குளிரில் கரும்பு வளராது. நாம் வெலிமடையில் பயிரிடுகிற பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைக் கிழங்கிலிருந்துதான் அங்கே சீனி எடுக்கிறார்கள். பிரித்தானியாவோடு நடந்த போரில் கரும்புச் சீனி வருவது தடைப்பட்டதால், 1811இல் நெப்போலியன் அதைப் பயிரிட ஆணையிட்டார். பிறகு வந்த அரசாங்கங்களும் வரியாலும் மானியத்தாலும் அந்த விவசாயிகளைத் தாங்கிப் பிடித்தன. மிஞ்சிய சீனியை மானியம் கொடுத்து உலகச் சந்தையில் மலிவாகத் தள்ளினார்கள். பிரேசில், அவுஸ்திரேலியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் முறையிட்ட பிறகு, அது விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பு 2005இல் முடிவாகச் சொன்னது. பணக்கார நாடுகள் தங்கள் விவசாயியைச் சந்தையிடம் விட்டுவிட்டு வளரவில்லை.

நம் ஊவாவில் கரும்பே விளைகிறது. மொனராகலை மாவட்டத்தின் அந்த இரண்டு ஆலைகளும் 2011 முதல் அரசின் கையில் இருக்கின்றன. அப்படியிருந்தும் நாடு உண்ணும் சீனியில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. பக்கத்து இந்தியா 2022இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. தன் மக்களுக்குத் தட்டுப்பாடு என்றால் எந்த நாடும் அதைத்தான் செய்யும்.

வரியைக் குறைத்தால் மலிவு நமக்கு வந்து சேருமா? 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைந்தது. அரசுக்கு 15 பில்லியன் ரூபாவுக்கு மேல் வருமானம் போனதாகச் சொல்லப்பட்டது. ஆனால் 2021 ஓகஸ்டில் ஒரு கிலோ 200 ரூபாவைத் தாண்டியது. டொலர் தட்டுப்பாடும் ஒரு காரணம்தான். ஆனாலும் களஞ்சியங்களைச் சோதித்தபோது சீனி மூடை மூடையாகப் பிடிபட்டதை நாம் மறக்கவில்லை. 2023 நவம்பரில் வரி மீண்டும் 50 ரூபாவானபோது மட்டும் கடை விலை உடனே ஏறியது.

ஆகவே வரி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கு கரும்பு விவசாயியின் கொடுப்பனவுக்கும் ஆலைகளின் திருத்த வேலைக்கும் போக வேண்டும். வரி மாறும் நாளில் இறக்குமதியாளர்களிடம் இருக்கும் கையிருப்பு எவ்வளவு என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். பழைய வரியில் வந்த சீனியைப் புதிய விலைக்கு விற்க விடக்கூடாது.

பதுக்கல் பாவம் என்பது நம் வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. ஜும்ஆ மேடைகளில் அதை இன்னும் உரத்துச் சொல்லலாம். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், தோட்டச் சம்பளத்தோடு சேர்த்து இந்தச் சீனிக் கணக்கையும் கேளுங்கள்.