குளம் சுத்தம் பண்ணப் புறப்பட்ட பிள்ளைகளுக்கு



என்னிடம் படித்த ஒருவன் நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தான. ஒரே நிற டீ-சர்ட்டில் முப்பது இளைஞர்கள். பின்னால் சம்பும் கோரையும் பிடுங்கிக் குவித்த மேடு. "சார், நம்ம குளத்தப் பளிச்சுன்னு ஆக்கியாச்சு. அடுத்தது தேரூர் பக்கம். நீங்கதான் தொடங்கி வைக்கணும்." வர மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டான். கோபம் தீரட்டும் என்றுதான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

மக்களே, அந்தச் சம்புக்குள்தான் நீலத்தாழைக்கோழி கூடு வைக்கும். நீல உடம்பு, சிவந்த அலகு, நெற்றியிலும் சிவப்பு. பஸ்ஸில் போகும்போது நீங்கள் எல்லாரும் பார்த்ததுதான். இலைக்கோழியோ மிதக்கும் இலைமேலேயே நாலு முட்டை இடும். அடைகாப்பது சேவல், பெட்டை வேறு சேவலைத் தேடிப் போய்விடும். (வீட்டில் அம்மா இதை வாசித்துச் சிரிக்கிறாள்.)

பிளாஸ்டிக் கவர், மதுபாட்டில், அறுந்த தூண்டில் நரம்பு எல்லாம் எடுங்கள், கும்பிடுகிறேன். ஆகாயத்தாமரையையும் எடுங்கள், அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் குளத்தை அடைத்தது. சம்பையும் கோரையையும் தாமரையையும் எதற்குத் தொடுகிறீர்கள்?

"தூர் வாரினாத்தான சார் தண்ணி நிக்கும்?" என்பான். நானும் வயல்காரன் மகன்தான். வண்டல் எடுக்கட்டும். கூடு இல்லையென்று பார்த்துவிட்டு, ஓரத்துச் சம்பை விட்டுவிட்டு எடுக்கட்டும். 2022-இல் சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தானே நீங்கள்? காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான் என்கிறது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம். டீ-சர்ட் போட்டுக் கலைத்தால் சேவையாகிவிடுமா?

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் குளக்கரைக் கோரையை வெட்ட வைத்தவன். ஒரு பையன் கையில் முட்டையோடு வந்து, "சார், இத என்ன செய்ய?" என்றான். "தண்ணியில போடுலே" என்றேன். போட்டான்.

கூந்தன்குளத்து ஜனங்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நம் பக்கத்திலும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு விடியுமுன் வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. தண்ணீரில் இறங்காமல், சத்தம் போடாமல் எண்ணி, நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு மாலை மரியாதை ஒன்றும் கிடையாது.

கோபித்துக்கொண்டவனே, ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தேரூர் குளத்தங்கரையில் இருப்பேன். அந்த முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு வா. அரிவாள் வேண்டாம், மைக்செட் வேண்டாம். ஆளுக்கொரு சாக்கு கொண்டுவந்தால் பாட்டில் பொறுக்கலாம்.