பனி மூடினாலும் வயல் வயல்தான்

இந்த முறை 'குளிர்கால விடுமுறை' என்று தலைப்புத் தந்தார்கள். எல்லோரும் ஸ்கேற்றிங், நயாகரா என்று எழுதியிருப்பீர்கள். நான் ஒரு கோதுமை வயலைப் பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

லின்ட்சேக்குப் பக்கத்தில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். மாமா என்று கூப்பிடுவோம். அவர் வீட்டில் ஸ்னோமொபைல் இருக்கிறது. மாமாவின் மகன் ஓட, நான் பின்னால் இருந்து போனேன். ஸ்காபரோவில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற எனக்கு அது சொர்க்கம். ஓரிடத்தில் ட்ரெயில் வளைந்து போனது. "ஏன் சுத்திப் போவான்?" என்று சொன்ன அண்ணா, அடையாளக் கம்புகளைத் தாண்டி வெள்ளை வெளிக்குள் விட்டார். வேலியும் இல்லை, போர்டும் இல்லை. இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. மறுகரையில் ஒரு வயதான விவசாயி நின்றார். சத்தம் போடவில்லை. சப்பாத்தால் ஸ்னோவைத் தள்ளிக் காட்டினார். கீழே சின்னச் சின்னப் பச்சை.

செப்டெம்பர், ஒக்டோபரில் விதைத்து யூலையில் வெட்டுகிற கோதுமை அது. பஞ்சுபோல் கிடக்கிற ஸ்னோதான் அந்தப் பயிருக்குப் போர்வை. அதற்குள் காற்று இருப்பதால் குளிர் லேசில் இறங்காது. அதன்மேல் ஸ்னோமொபைல் ஏறினால் ஸ்னோ நெரிந்து கட்டியாகிவிடும். குளிர் நேரே பயிருக்கு இறங்கும். உருகித் திரும்ப உறைந்து ஐஸ் படர்ந்தால் பயிருக்கு மூச்சு முட்டும். வெள்ளையாகத் தெரிந்தது வெறும் வெளி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் நல்ல பேச்சு. "அந்த மனிசன் ஒரு சதம் வாங்காமல் தன்ரை காணிக்குள்ளாலை பாதை விட்டிருக்கு. நாளைக்கு 'இனி வேண்டாம்' எண்டு சொன்னால் முழு ட்ரெயிலும் அந்த இடத்திலை அறுந்துபோகும், தெரியுமே?"

எனக்குத் தெரியாது. ட்ரெயில் எல்லாம் அரசாங்கத்தின் ரோட்டு மாதிரி என்று நினைத்திருந்தேன். ஒன்ராறியோவில் நிறைய ட்ரெயில்கள் தனியார் காணிகளுக்குள்ளால்தான் போகின்றன. எல்லைக்கு அங்காலே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிட்டத்தட்ட 80 வீதம் அப்படித்தான். காணிக்காரர் விரும்பித் தருகிற அனுமதி அது. திரும்ப எடுக்கவும் அவரால் முடியும். 2016 இல் ஒன்ராறியோ அரசு ட்ரெயில்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, தங்கள் உறுதியில் ஏதும் உரிமை ஏறிவிடுமோ என்று பயந்து சில விவசாயிகள் பாதையை மூடினார்கள். சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று அரசு சொல்லியும் அந்தப் பயம் லேசில் போகவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் "அந்த மெசினையே தடை செய்யவேணும்" என்றார்கள். மீதிப் பேர் "போர்ட் போடாதது அவற்றை பிழை" என்றார்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

போர்ட் கதையை முதலில் பார்ப்போம். இங்கே சிவப்பு வட்டம் இருந்தால் உள்ளே போகக்கூடாது, மஞ்சள் வட்டம் இருந்தால் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் போகலாம். ஆனால் பயிர் செய்கிற நிலத்துக்குச் சட்டப்படி போர்டே தேவையில்லை. பயிர் செய்வதே அறிவிப்பு. அத்துமீறலுக்கான உச்ச அபராதத்தை அதே 2016 சட்டம் 2,000 டொலரிலிருந்து 10,000 ஆக்கியது.

தடை செய்யலாமா? இந்த வாகனத்தின் முன்னோடி யோசப் அர்மண்ட் பொம்பார்டியே, கியூபெக்கில் வால்கூர் என்ற ஊர்க்காரர். 1934 குளிர்காலத்தில் வீதியெல்லாம் பனி மூடியதால் நோயாளியான சின்ன மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பறிகொடுத்தவர். அவருடைய ஸ்கீ-டூ 1959 இல் வந்தது. இன்றைக்கும் வடக்கே சின்ன ஊர்களின் மோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் குளிர்காலத்தில் இந்த ஆட்களைத்தான் பார்த்திருக்கின்றன. தடை செய்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

சத்தம் வேறு கதை. அன்றிரவு மாமா வீட்டில் படுத்திருந்தபோது நடுச்சாமத்தில் சைலன்சரை மாற்றிய மெசின் ஒன்று போனது. ஜன்னல் அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. வீடுகளுக்குக் கிட்டப் போகிற பகுதியை இரவில் மூடினால் என்ன? முடியாவிட்டால் வேலிக்கரையோடு சுற்றிப் போகட்டும். 'தூரம் கூடும்' என்பது ஒரு காரணமா? பெற்றோல் எங்கள் காசு, நித்திரை அவர்களுடையது.

காணிக்காரருக்கு இன்னொரு பயமும் உண்டு. யாராவது விழுந்து காலை உடைத்தால் தன்மேல் வழக்குப் போடுவார்களோ? பொழுதுபோக்கு ட்ரெயிலில் வருகிறவர் ஆபத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் ஒன்ராறியோ சட்டம். வேண்டுமென்று தீங்கு செய்தால், அல்லது ஆபத்தென்று தெரிந்தும் கவலைப்படாமல் நடந்தால் மட்டும் காணிக்காரர் மாட்டுவார். ஆனாலும் வக்கீலின் கடிதம் வந்தால் அவர்தானே பதில் எழுதவேணும்? ஆகவே கிளப்காரர் குளிர்காலத்துக்கு முன்பே வீட்டுக்கு வீடு போய், காப்புறுதி விபரம் கொடுத்து, எந்த வயலில் என்ன விதைத்திருக்கு என்று கேட்கவேணும். மேசைக்கு முன்னால் இருந்து கதைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

அடுத்த நாள் அண்ணாவும் நானும் அந்த விவசாயியிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வளைவில் கம்புகள் தூரத் தூர நிற்கின்றன, நெருக்கி நடமுடியுமா என்று மட்டும் கேட்டார். மாமா பன்னிரண்டு கம்பு தந்தார். விரல் விறைக்க விறைக்க நட்டோம். ஏப்ரலில் ஸ்னோ கரைந்ததும் அண்ணாவை அந்த வயலைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

– தரம் 10 மாணவன்